ஞானக்கனியின் வலது கை

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க மக்கா, மில்லு ஓடுது, எட்ட இருந்தா நான் மனசுக்குள்ள பேசுறது எனக்கே கேட்கலை. இப்படித்தான் தினமும் தொடங்குவேன், போனில் அந்த மைக் படத்தைப் பெருவிரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, கிட்ட வாங்க, காலை மடக்காதீங்க, நீட்டிக்கோங்க என்று. மஸ்கட்டில் ஒருவர், ஓசூரில் ஒருவர், கோலாலம்பூரில் ஒருத்தி, இன்னும் முகம் தெரியாத மூவாயிரம் பேர், அவரவர் இருக்கும் இடத்திலேயே கிட்ட வருவார்கள். இன்றைக்கு மைக்கை அமுக்கவில்லை. விளாத்திகுளம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஞானக்கனி மாவு மில்லில், கவிழ்த்துப் போட்ட எண்ணெய் டின்மேல் உட்கார்ந்திருக்கிறேன், மடியில் மூன்று கிலோ மிளகாய் வத்தல். வத்தல் கொண்டுவந்தால் இங்கே கடைசி முறைதான். இருப்பது ஒரே மெஷின். முதலில் அரிசி, அப்புறம் கோதுமை, கேப்பை, மல்லி, எல்லாம் முடிந்த பிறகு வத்தல், இல்லாவிட்டால் அடுத்த வீட்டுப் பிள்ளை சப்பாத்தி காரம் என்று அழும். அதற்காகவே வத்தலைக் கட்டி எடுத்துக்கொண்டு வந்தேன், காத்திருக்க ஒரு சாக்கு வேண்டுமே. வீட்டில் போன மாதம் அரைத்த பொடியே பாதி டப்பா கிடக்கிறது. சுவர்க் கடிகாரம் பதினொன்றே கால் காட்டுகிறது, அதன் கண்ணாடியிலும் மாவு. ஒரு மணிக்குள் நான் மில்லுக்காரி ஞானக்கனியிடம் ஒரு வார்த்தை கேட்டாக வேண்டும். கேட்காவிட்டால் ஒரு மணிக்கு மேல் நான் அந்த மூவாயிரம் பேரில் ஒருத்தி இல்லை. இவ்வளவுதான் விஷயம், கேட்பது ஒரு வார்த்தை. கனி, உன் கையை நான் படம் எடுத்துட்டேன். இல்லை, இது கேட்பது இல்லை, சொல்வது. கேட்பதற்கு முன்னால் சொல்ல வேண்டும், சொல்வதற்கு முன்னால் அவள் திரும்பிப் பார்க்க வேண்டும், அவளோ முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள், அந்த முதுகைப் பார்த்தால் எனக்கு வார்த்தை மறந்துபோகிறது.

அந்த முதுகை எப்படிச் சொல்வேன். இதோ குனிகிறாள் மூட்டைக்கு. நாற்பது வருஷம் சித்தாள் வேலை பார்த்தவள் நான், கலவைச் சட்டி சுமந்தவள், சுமை உடம்பில் எங்கே போய் உட்காரும் என்று எனக்குத் தெரியும். ஒருத்திக்குக் கழுத்தில் உட்காரும், ஒருத்திக்கு இடுப்பில், எனக்கு முழங்காலில், இப்போதும் மழைக்கு முன்னால் அங்கேதான் முணுமுணுக்கும். இவளுக்கு அது எங்கேயும் உட்காருவதில்லை. எழுபத்தைந்து கிலோ சாக்கின் இரண்டு காதையும் பிடிக்கிறாள், ஒரு மூச்சை உள்ளே இழுக்கிறாள், தோள்பட்டைக்குக் கீழே இரண்டு பக்கமும் சதை மெல்ல விரிகிறது, குஞ்சுகளை மூடக் கோழி இறக்கை விரிக்குமே அப்படி, அவ்வளவுதான், மூட்டை தோளில் இருக்கிறது. நடுவில் என்ன நடந்தது என்று நான் எத்தனை தடவை உற்றுப் பார்த்தும் பிடிபடவில்லை. அப்புறம் அந்த வலது கை. புஜம் சட்டியைக் கவிழ்த்தாற்போல் உருண்டிருக்கும், அதற்குக் கீழே ஒரு பள்ளம், பெருவிரலை வைத்தால் பாந்தமாக உட்காரும், பள்ளத்துக்கு அந்தப் பக்கம் முண்டா, முழங்கைக்குக் கீழே மூன்று புரி முறுக்கின வடக்கயிறு. மேலெல்லாம் கோதுமை மாவு படிந்து, வேர்வை ஓடின இடத்தில் மட்டும் கறுப்பு வரி. முப்பத்தாறு வயது. ரெண்டு பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், புருஷன் லோடு ஆட்டோ. பதினாறு வயதில் அப்பன் படுத்ததிலிருந்து இந்த மெஷினோடு இருக்கிறாள், ஜிம் என்றால் எந்தப் பக்கம் வாசல் என்று தெரியாது. "ஏ சீனியம்மா," என்கிறார் பக்கத்து ஸ்டூலில் இருக்கும் ராமர் அண்ணாச்சி, கோதுமைக்கு வந்தவர், ரிட்டயரான தபால்காரர், "கனியையே பாத்துக்கிட்டு இருக்கிய? கண்ணு பட்டா மெஷினு நின்னுரும், எங்க வீட்டுல இன்னைக்குப் பூரி." "உம்ம பூரிக்கு நான் கண்ணு வைக்கல, அண்ணாச்சி." "பின்ன எதுக்கு இப்படி முழிக்கிய, திருடுனவ மாதிரி?" சும்மாதான் சொன்னார். திருடினவள்தான். போன செவ்வாய்க்கிழமை, இதே டின், இதே நேரம், அவள் மூட்டையைத் தோளில் ஏற்றின அந்த நொடி, என் கை போனைத் தூக்கிவிட்டது, நான் சொல்லவில்லை, கையே தூக்கியது. முகம் இல்லை. பின்பக்கம், கழுத்து, அந்தக் கை. டிக்கென்று ஒரு சத்தம், மில்லுச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்.

புஜம் என்றுதான் எங்கள் குழுவுக்குப் பேர். கபீர் தம்பி வைத்த பேர், மஸ்கட்டில் கிரேன் ஓட்டுகிற பிள்ளை. நான் அங்கே போய்ச் சேர்ந்ததே ஒரு கூத்து. மூன்றாம் வகுப்பில் பாதிக்கு மேல் போகாதவளுக்கு எழுத்துக் கூட்டவே அரை நாள் ஆகும். போனில் பேசினால் அதுவே தேடும் என்று மருமகள் காட்டிக் கொடுத்தாள். என்ன தேட என்று தெரியாமல் ஒரு நாள், சும்மா, சுமை தூக்குற பொம்பளை என்று சொன்னேன். வந்து நின்றாள் ஒருத்தி. பனி பெய்யும் தேசம் போல, பின்னால் எல்லாம் வெள்ளை. ஒரு பெரிய மரத்தண்டைத் தோளில் வைத்துக்கொண்டு சிரித்தாள். நான் முதலில் ஆம்பளை என்று நினைத்துத் தள்ளிவிட்டு, பின்னும் இழுத்துப் பார்த்தேன், காதில் கம்மல், கன்னத்தில் குழி, கீழே தொடை இரண்டும் கல்தூண். அடுப்பில் சோறு அடிப்பிடித்தது. அடுத்து ஒருத்தி, அடுத்து ஒருத்தி, கறுப்பு, வெளுப்பு, மஞ்சள், பிள்ளை பெற்றவள், நரைத்தவள், ஒருத்தி சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே இரும்பைத் தலைக்கு மேல் நிறுத்துகிறாள். இப்படியும் ஒரு உலகம் இருக்கிறதே, எனக்கு யாரும் சொல்லவே இல்லையே என்று அன்றைக்கு முற்றத்தில் நின்று வாய்விட்டுச் சொன்னேன். அப்படியே போய்ப் போய் விழுந்த இடம்தான் புஜம். படம் போடுவார்கள், அந்தப் பெண்ணின் பேர், ஊர், தூக்கின எடை எழுதுவார்கள். சிலர் கதை எழுதுவார்கள். ஒருவர் நாற்பது பாகம் எழுதியிருக்கிறார், ஒரு பெண் கப்பலைக் கயிறு கட்டி இழுத்துக் கரைக்குக் கொண்டுவருவதை, ஒரு பாகம் முழுக்க அவள் கால் மணலில் புதைவது மட்டும். கோலாலம்பூர் யசோதா ஒரு பெரிய கடையில் செக்யூரிட்டி, தன் படத்தைத் தானே போடுவாள், இன்றைக்கு இடது தோள் கொஞ்சம் ஏறியிருக்கு பாருங்க அக்கா என்பாள், நாங்கள் மூவாயிரம் பேரும் இடது தோளைப் பார்ப்போம். அசிங்கமாகப் பேசுகிறவனை கபீர் தம்பி அந்த நிமிஷமே தூக்கி வெளியே போட்டுவிடுவார். குழுவுக்குச் சட்டம் உண்டு. கேட்டு எடு, பேர் சொல்லு, கதையில எவ்வளவு வேணா ரீல் விடு, படத்துல விடாதே. எனக்கு எழுத வராது என்றதும் கபீர் தம்பிதான் சொன்னார், அம்மா நீங்க பேசுங்க, நாங்க கேக்கோம். பேசினேன். அறுபத்து மூன்று வயது வரைக்கும் நான் பேசினால் எல்லாரும் எழுந்து வேலை பார்க்கப் போவார்கள். இவர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து கேட்டார்கள். கதைக்காரம்மா என்று பேர் வைத்தார்கள். அதைத்தான் ஒரு மணிக்கு எடுத்துவிடுவார்கள்.

மெஷின் கோதுமையைத் தின்கிறது. துணிக் குழாய் உப்பி உப்பித் துடிக்கிறது, அதை அவள் இடது கையால் தட்டுகிறாள், மாட்டுக் கழுத்தைத் தட்டுவதுபோல. இப்போது கேட்கலாமா. இப்போது வேண்டாம், தட்டி முடிக்கட்டும். தட்டி முடித்துவிட்டாள். இப்போது அண்ணாச்சி பார்க்கிறார். அந்த ஓசூர்க்காரர் மட்டும் பேசாமல் இருந்திருந்தால். அருள்ராஜ் என்று பேர், ஏதோ கம்பெனியில் செய்து வருகிற சாமானை அளந்து அளந்து இது சரி, இது தப்பு என்று பிரிக்கிற வேலை. படத்தையும் அப்படித்தான் பிரிப்பார். கம்ப்யூட்டரில் ஊதிப் பெருக்கின கைகளை எத்தனையோ கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறார், அதற்காக அவருக்கு நாங்களே கைதட்டியிருக்கிறோம். கனியின் கையைப் போட்ட மறுநாள் அவர் ஒரு சிவப்பு வட்டம் போட்டு அனுப்பினார், அந்தப் பள்ளத்தைச் சுற்றி. இது இருக்க முடியாது என்றார். எண்ணெய் இல்லை, விளக்கு இல்லை, அந்தப் பெண் நிலை எடுத்து நிற்கவில்லை, சும்மா வேலை பார்க்கிற கையில் இப்படிப் பள்ளம் விழாது, வெள்ளையாகத் தெரிவது மாவு இல்லை, கம்ப்யூட்டர்ப் புகை. ஒருத்தர் சொன்னதும் பத்துப் பேருக்கு அப்படியே தெரிந்தது. மேடையில் எண்ணெய் பூசி விளக்குக்குக் கீழே நிற்கிற கைகளையே பார்த்துப் பார்த்து, பாவம், மாவு பூசின கை இவர்கள் கண்ணுக்குப் பொய்யாகத் தெரிகிறது. நான் எத்தனை பொய்க்கதை சொல்லியிருக்கிறேன், புளியமரத்தை வேரோடு பிடுங்கினவள், ரயிலை நிறுத்தினவள், எல்லாவற்றுக்கும் ஆகா ஆகா என்றார்கள். நிஜமாக ஒன்றே ஒன்று காட்டினேன், பொய் என்கிறார்கள். சந்தேகம் வந்துவிட்டால் அதற்கும் சட்டம் இருக்கிறது. அந்தப் பெண்ணே இன்றைய தேதி எழுதின தாளைக் கையில் பிடித்து நிற்க வேண்டும், இல்லையென்றால் நேரில் கூப்பிட்டுப் பேச வேண்டும், இரண்டு நாள் தவணை. சாட்சி வராவிட்டால் போட்டவர் வெளியே. கபீர் தம்பி தனியாக எனக்குப் பேசி அனுப்பினார், "அம்மா, எனக்கு உங்கமேல சந்தேகம் இல்ல. கேட்டுத்தானே எடுத்திய?" ஆமாய்யா, கேட்டுத்தான் எடுத்தேன் என்று சொல்லிவிட்டேன். வாயில் வந்துவிட்டது. கதை சொல்கிற வாய். படத்தில் விடக்கூடாது என்ற சட்டத்தை வைத்துக்கொண்டு படத்தைப் பற்றியே விட்டுவிட்டேன்.

ஏன் கேட்கவில்லை. அதுதான் சுற்றிச் சுற்றி வந்து இடிக்கிறது, இந்த பெல்ட்டில் ஒட்டுப்போட்ட இடம் ஒவ்வொரு சுற்றுக்கும் டக் டக் என்கிறதே அப்படி. கேட்டால் வேண்டாம் என்பாள். டக். வேண்டாம் என்பாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? என்னிடம் கேட்டிருந்தால் நான் வேண்டாம் என்றிருப்பேன். டக். என் கல்யாணத்துக்கு கோவில்பட்டியில் ஸ்டுடியோவுக்குப் போய்ப் படம் எடுத்தோம். எனக்குப் பத்தொன்பது, அப்போதே ஏழு வருஷம் சட்டி சுமந்த கை. அந்தப் படக்காரர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்து, "பொண்ணு கையக் கொஞ்சம் மறைங்க, மாப்பிள்ளை கையவிடப் பெருசாத் தெரியுது," என்றார். எல்லாரும் சிரித்தார்கள், மாப்பிள்ளையும் சிரித்தார், நானும் சிரித்தேன். ஒரு பிளாஸ்டிக் பூச்சாடியைக் கொண்டுவந்து என் கைக்கு முன்னால் வைத்தார்கள். படத்தில் இன்றைக்கும் அந்தப் பூச்சாடிதான் என் பக்கத்தில் நிற்கிறது, எனக்கும் அதற்கும் கல்யாணம் நடந்த மாதிரி. அதற்கப்புறம் முழங்கை வரை சட்டை. வெயிலிலும் முழங்கை வரை. எட்டையபுரத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடக் கட்டடம், மேல்தளத்துக்குக் கலவை கொட்டிக்கொண்டிருந்தபோது கீழே தளத்தைத் தாங்கின முட்டுக்கம்பு ஒன்று சறுக்கியது, கொத்தனார் அதற்கடியில். நான் சட்டியைப் போட்டுவிட்டுப் போய்த் தோளைக் கொடுத்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, பலகையிலிருந்து சிமெண்டுத் தண்ணீர் கண்ணில் ஒழுகியது, துடைக்கக் கை இல்லை, கொத்தனார் தவழ்ந்து வெளியே வந்த பிறகு இரண்டு பேர் வந்து கம்பைத் திரும்ப நிறுத்தினார்கள். அன்றைக்குச் சாயங்காலம் கொத்தனார் என்ன சொன்னார் தெரியுமா, "நல்லவேளை, கம்பு நின்னுச்சு." புஜத்தில் இதைக் காளியம்மா என்று ஒருத்தி செய்ததாகச் சொன்னேன். ஆயிரத்து இருநூறு பேர் இதயம் போட்டார்கள். என் கதை என்று சொல்ல வரவில்லை. இப்போது கை தொங்கிப்போயிற்று, இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் துணி மாதிரி வரும், படம் எடுக்க ஒன்றும் இல்லை. போன செவ்வாய்க்கிழமை கனி மூட்டையைத் தூக்கினபோது இதெல்லாம் நான் நினைத்தேனா? இல்லை, நினைக்கவில்லை. ஒன்றையும் நினைக்கவில்லை. சாமி வரும்போது யார் நினைக்கிறார்கள். கண்ணெல்லாம் அந்தக் கைதான் நிறைந்திருந்தது. ஆனால் அவளுக்கும் யாராவது ஒரு பூச்சாடி வைத்திருந்தால்? மூன்று வருஷமாக அவள் எந்தக் கல்யாண வீட்டிலும் படத்துக்கு நின்று நான் பார்த்ததில்லை. அடுப்படியில் அண்டா தூக்குவாள், படம் எடுக்கக் கூப்பிட்டால் பந்தி இருக்குன்னு போய்விடுவாள். நான் எதை எடுத்துக்கொண்டு ஓடினேன் என்று இப்போதுதான் இந்த டின்மேல் வைத்துத் தெரிகிறது. டக். பன்னிரண்டரை. டக். கேட்டுவிடு சீனியம்மா. மில்லுச் சத்தத்தில் கத்திச் சொன்னால் அவளுக்கு மட்டும் கேட்கும், அண்ணாச்சிக்குக் காது கொஞ்சம் மந்தம். எழுந்து இரண்டு எட்டு வைத்தேன். வாயைத் திறந்தேன். உள்ளே மாவு போனது. "கனி!" அவள் திரும்பவில்லை. இன்னும் ஒரு எட்டு. அடித்தொண்டையிலிருந்து கத்தினேன், "கனி! உன் கையைப் படம் புடிச்சு ஊருக்கெல்லாம் காட்டிட்டேன்!"

கரண்ட் போய்விட்டது. முதல் வார்த்தைக்கு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, நடுவில் சோர்ந்தது, காட்டிட்டேன் என்பது மட்டும் நிசப்தத்தில் தனியாகப் போய்ச் சுவரில் அடித்தது. "என்னத்தக் காட்டிய?" என்கிறார் காது மந்தமான ராமர் அண்ணாச்சி. கனி திரும்பினாள். இமையெல்லாம் மாவு. "எந்தக் கை, பெரிம்மா?" "வலது." அவள் தன் வலது கையைப் பார்த்தாள், யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன பாத்திரத்தைப் பார்க்கிற மாதிரி. "குடுங்க பாப்போம்." துண்டில் கையைத் துடைத்துவிட்டு வாங்கினாள், இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். பெல்ட்டில் எங்கேயோ சிக்கியிருந்த ஒரு கோதுமை மணி கீழே விழுந்தது. நான் போய் மறுபடி டின்னிலேயே உட்கார்ந்தேன். வைவாள், வையட்டும். அடித்தால் அந்தக் கையால் ஒரு அடி போதும். "பெரிம்மா," என்றாள், குரல் சின்னப்பிள்ளைக் குரலாக இருந்தது, "இது எனக்குப் பின்னாடி இருக்கா?" "ஆமா தாயி." "எங்க வீட்டுக் கண்ணாடி மூஞ்சிக்குத்தான் காணும். இது... இவ்வளவா இருக்கு?" தோளுக்குப் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள், பாவி, தன் முதுகைத் தானே பார்த்துவிடலாம் என்று. நான் பனிதேசத்துக்காரியை முதல்முதலாகப் பார்த்தபோது என் முகம் எப்படி இருந்ததோ இப்போது அவள் முகம் அப்படி. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "இந்தச் சிவப்பு வட்டம் என்னது?" "அது... பொய்யிங்காங்க." "எதை?" "அந்தப் பள்ளத்தை. கம்ப்யூட்டர்ல வரைஞ்சதாம்." அவள் இடது பெருவிரலைப் பள்ளத்தில் வைத்து அழுத்திப் பார்த்தாள். ராமர் அண்ணாச்சி எழுந்தே வந்துவிட்டார். "அப்ப நேத்து எம் மூட்டைய இறக்குனது கம்ப்யூட்டரா?" "எத்தனை பேரு பாத்தாங்க?" என்றாள் கனி. "மூவாயிரம்." "எங்கிட்ட ஏன் கேக்கல?" வந்துவிட்டது. கதை சொல்கிற வாய் ஒரு நொடி எழும்பியது, அடக்கினேன். "கேட்டா வேண்டாம்னுருவியோன்னு பயந்து." "வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்," என்றாள். அதற்கப்புறம் கொட்டிவிட்டேன், புஜம், சட்டம், கபீர் தம்பியிடம் விட்ட பொய், தேதி எழுதின தாள், ஒரு மணி, எல்லாம். "படத்தை எடுத்துருதேன் தாயி. நானும் வெளிய வந்துருதேன். அவ்வளவுதான்." "நீங்க வெளிய வந்தா?" என்றாள். "இந்தக் கை பொய்யின்னே ஆயிருமே." கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்றுக்குப் பத்து நிமிஷம். "தாளைப் புடிச்சு நின்னா அந்த ஓசூர் ஆளு தாளுக்கும் வட்டம் போடுவாரு. கூப்பிடுங்க. ரெண்டு பேரையும். மூஞ்சி தெரியக் கூப்பிடுங்க."

போன் கண்ணாடியில் கபீர் தம்பி மஞ்சள் தொப்பியோடு வந்தார், பின்னால் வானம் மட்டும். அருள்ராஜ் கம்பெனி கேண்டீனில், கையில் கரண்டி, நான் நினைத்ததைவிடச் சின்ன ஆள், மூக்குக்கண்ணாடி. போனை ராமர் அண்ணாச்சி பிடித்துக்கொண்டார், "எதை அமுக்கணும்?" "ஒண்ணையும் அமுக்காதிய." கனி என்னைப் பார்த்து, "பெரிம்மா, தராசுல ஏறுங்க," என்றாள். ஏறினேன். முள் ஆடி ஆடி நின்றது. "வத்தலோட அம்பத்தஞ்சு. ஓசூர் சார், முள்ளு தெரியுதா? அண்ணாச்சி, கிட்டக் காட்டுங்க." பிறகு எனக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள். முழங்காலுக்குப் பின்னால் ஒரு கை வந்தது, சூடாக, சொரசொரவென்று, அந்த ஒரு கைதான் மக்கா, தரை போய்விட்டது. மூச்சுவிட நேரமில்லை, தோளில் இருக்கிறேன். உத்தரத்தில் ஒட்டின மாவு என் கண்ணுக்கு நேரே இருக்கிறது, சிலந்தி வலையெல்லாம் வெள்ளை நூல். எனக்குக் கீழே அவள் தோள் அசையவில்லை, எத்தனை மாடிக்கு எத்தனை சட்டி, கல், மணல், பிள்ளை, நோயில் கிடந்த புருஷன், எல்லாவற்றையும் நான் தூக்கியிருக்கிறேன், என்னை எவரும் தூக்கினதில்லை, அம்மா தூக்கியிருப்பாள், நினைப்பில்லை. தூக்கப்படுவது இப்படியா இருக்கும். கலவைக்கு இது தெரியுமா, மூட்டைக்கு இது தெரியுமா, இவ்வளவு லேசாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவே இல்லையே. அருள்ராஜின் கரண்டி வாய்க்குப் போகாமல் அந்தரத்தில் நிற்கிறது, தயிர் சொட்டுகிறது. கனி கையை இன்னும் கொஞ்சம் மடக்கினாள். "சார், பள்ளம் தெரியுதா ஓசூருக்கு?" "தெரியுதுங்க மேடம்," என்றார் அவர், ரொம்பச் சின்னக் குரலில். "மன்னிச்சிடுங்க. என் கண்ணு இதுவரைக்கும்... மன்னிச்சிடுங்க." கபீர் தம்பி தொப்பியைக் கழற்றிவிட்டார். "அக்கா, ஒரே ஒரு கேள்விதான். சட்டம், கேக்காம இருக்க முடியாது. கதைக்காரம்மா உங்ககிட்டக் கேட்டாங்களா?"

என் நெஞ்சு அடிப்பது அவள் தோளுக்குத் தெரிந்திருக்கும். மூவாயிரம் பேரும் அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பதாகத் தோன்றியது. இவளைப் பொய் சொல்ல வைக்கக்கூடாது, இவள் கையைத்தான் எடுத்தேன், வாயையும் எடுக்கக்கூடாது, போனால் போகிறது. "கபீர் தம்பி, நான் அன்னைக்கு..." என்று தொடங்கினேன். தோளை ஒரு குலுக்குக் குலுக்கினாள், என் வார்த்தை பல்லுக்குள்ளேயே உடைந்தது. "கேட்டாங்க," என்றாள் கனி. "இன்னைக்கு, இப்பத்தான், கத்திக் கேட்டாங்க. முன்னாடி கேக்கல. அண்ணாச்சி சாட்சி. நான்தான் இன்னும் பதில் சொல்லல." "ஆமா, காதுல விழுந்துச்சு," என்றார் அண்ணாச்சி, பெருமையாக. கபீர் தம்பி என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்தேன், குனிந்தால் கனியின் தலைமுடிதான் தெரிந்தது, வகிட்டிலும் மாவு. "அப்ப பதில் வர்ற வரைக்கும் படத்தை இறக்கி வச்சுருதேன்," என்றார் அவர் மெதுவாக. "கதைக்காரம்மாவ என்ன செய்ய? நீங்களே சொல்லுங்க அக்கா." "அவங்க அங்கயே இருக்கட்டும்," என்றாள் இவள். "அவங்க இல்லன்னா என் பதிலை உங்களுக்கு யாரு வந்து சொல்லுவா?" மஸ்கட்டில் சிரிப்புச் சத்தம், ஓசூரில் கரண்டி கீழே விழும் சத்தம், அதோடு அண்ணாச்சி எதையோ அமுக்கிவிட்டார், கண்ணாடி இருண்டது. "ஏ கனி, போதும் தாயி, இறக்கு," என்றேன். தலைக்கு மேலே மின்விசிறி ஒரு முனகல் முனகிச் சுற்றத் தொடங்கியது, கரண்ட் வந்துவிட்டது. கனி நடந்தாள். தரைக்குப் போகவில்லை. மூலையில் எட்டு அடுக்கில் கேப்பை மூட்டைகள், என் தலைக்கும் மேலே இருக்கும், அதன் உச்சியில் என்னைச் சத்தமில்லாமல் வைத்தாள், முட்டை வைப்பதுபோல, மடியில் வத்தலைச் சரியாக நிமிர்த்தியும் வைத்தாள். "ஏட்டி, இங்கருந்து நான் எப்படி இறங்குவேன்?" "எதுக்கு இறங்கணும்?" என்றாள், இடுப்புத் துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டே. "கேட்டியள்ல? பதில் யோசிக்கணும்லா, பெரிம்மா. நாலு பேரு கோதுமை இருக்கு, அது வரைக்கும் யோசிக்கேன்." அண்ணாச்சியின் வாளியை ஒரு கையால் எடுத்துத் தொட்டியில் கவிழ்த்தாள், இறக்கச் சொல்லி நான் கத்தினது எனக்கே கேட்காதபடி மோட்டாரைப் போட்டாள்.